கூட்டிப் போக முடியாத செல்லம்: வாசகர் கேள்வி – பதில்

ஊர் மாற்றம், வெளிநாட்டு வேலை, புது வீட்டுக்காரர் நாயே வேண்டாம் என்பது என்று காரணங்கள் வேறு வேறாக இருந்தாலும், இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கவலைதான்: வளர்த்த நாயை என்ன செய்வது? அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே.

கணவருக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்திருக்கிறது. பத்து வாரத்தில் கிளம்புகிறோம். ஆறு வயது லாப்ரடாரைக் கூட்டிப் போக முடியாது என்று ஏஜென்ட் சொல்கிறார். யாரிடமாவது கொடுத்துவிடுவதுதான் வழியா?
– வாசகி, திருச்சி

பத்து வாரத்தில் முடியாது என்றால் ஏஜென்ட் சொல்வது சரி. எப்போதுமே முடியாது என்றால் தவறு.

வெறிநோய் விஷயத்தில் ஐரோப்பிய ஒன்றியம் சில நாடுகளுக்குச் சலுகை தருகிறது. இந்தியா அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வரிசை இப்படி: முதலில் மைக்ரோசிப் (தோலுக்கு அடியில் வைக்கும் அடையாளச் சில்லு), அதன் பிறகு வெறிநோய்த் தடுப்பூசி, ஊசி போட்டு குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்தில் பரிசோதனை. எதிர்ப்புச்சக்தி அளவு ஒரு மில்லிக்கு 0.5 சர்வதேச அலகாவது இருக்க வேண்டும். ரத்தம் எடுத்த நாளிலிருந்து மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆக, இன்று தொடங்கினால் நான்கு மாதத்துக்கு மேல் ஆகும். பலர் சறுக்குவது முதல் படியிலேயே. சிப் வைப்பதற்கு முன்னால் போட்ட ஊசி கணக்கில் வராது; மறுபடி போட்டு, மறுபடி 30 நாள் எண்ண வேண்டும். உங்கள் நாய்க்கு ஏற்கெனவே சிப் இருந்து, ஊசியும் விடுபடாமல் போட்டிருந்தால் ரத்தத்தை இந்த வாரமே எடுத்துவிடலாம். சிப் 15 இலக்க எண் கொண்ட ஐஎஸ்ஓ (சர்வதேசத் தர) வகைதானா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் போன பிறகு அந்த மீதி மாதங்கள் அம்மா வீட்டிலோ நம்பகமான போர்டிங்கிலோ இருக்கட்டும். ஒருவர் திரும்பி வந்து கூட்டிப் போகலாம். உரிமையாளரின் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு மேல் இடைவெளி விழுந்தால் வணிக இறக்குமதி விதிகள் பாயும் என்பதால், அந்த ஒரு பயணத்தைச் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரத்தப் பரிசோதனை முடிவு, பூஸ்டர் ஊசியைத் தேதி தவறாமல் போட்டுவரும் வரை செல்லும். ஒரு நாள் தாமதித்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

வேறு நாடுகளுக்குப் போகிறவர்களுக்கும் இரண்டு வரி. அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வரும் நாய்களுக்கு விதிகளை இறுக்கியிருக்கிறது. ஆறு மாத வயது, சிப், ரத்தப் பரிசோதனை, அங்கே பதிவு பெற்ற மையத்தில் முன்பதிவு எல்லாம் கேட்கும். ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராகக் கொண்டுபோக வழியில்லை. பக், புல்டாக் மாதிரி சப்பை மூக்கு இனங்களை மூச்சுத்திணறல் ஆபத்தால் பல விமான நிறுவனங்கள் ஏற்பதில்லை.

நாங்கள் எல்லா வழியும் பார்த்துவிட்டோம். கொடுத்தே ஆக வேண்டும். இரண்டு மாதம் இருக்கிறது. மூன்று வயதுப் பெண் நாய், கருத்தடை செய்யவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகர், மதுரை

கால்நடை மருத்துவரிடமிருந்து. விளம்பரம் அப்புறம்.

முதல் வாரமே கருத்தடைக்கு நாள் குறியுங்கள். இதில்தான் பலர் தயங்குகிறார்கள்: "புது ஆள் செய்துகொள்ளட்டுமே" என்று. கருத்தடை ஆகாத இளம் பெண் நாயை, அதுவும் நல்ல ஜாதி நாயை, முதலில் கேட்டு வருகிறவர்களில் குட்டி போட வைத்து விற்கிறவர்களும் இருப்பார்கள். குடும்பஸ்தர் மாதிரியே பேசுவார்கள். குழந்தையைக் கூடக் கூட்டி வருவார்கள். கருத்தடை ஆகிவிட்டது என்று சொன்னதும் அந்த போன்கள் நின்றுவிடும். நாய் இப்போது ஹீட்டில் (இனச்சேர்க்கைப் பருவத்தில்) இருந்தாலோ, முடிந்து சில வாரம்தான் ஆகியிருந்தாலோ அறுவை சிகிச்சையில் ரத்தப்போக்கு அதிகமாகலாம் என்பதால் மருத்துவர் தள்ளிப்போடச் சொல்வார். இரண்டு மாதம் என்பது அதனால்தான் குறைவான அவகாசம். தையல் ஆற 10 முதல் 14 நாள். அதுவரை குளிப்பாட்டக் கூடாது, மாடிப்படி ஏறிக் குதிக்க விடக் கூடாது, வேறு வீட்டுக்கு மாற்றவும் கூடாது. கென்னல் கிளப் சான்றிதழ் (ஜாதி நாய் என்பதற்கான வம்சாவளிப் பத்திரம்) இருந்தால் அதைப் பற்றி விளம்பரத்தில் வாயே திறக்காதீர்கள்.

அதே சமயம் நிலுவையில் உள்ள தடுப்பூசிகள், குடற்புழு மருந்து, உண்ணிக்கான மருந்து எல்லாவற்றையும் முடித்து, ஊசிப் புத்தகத்தை நகல் எடுத்து வையுங்கள்.

தேடுவதை நாயை ஏற்கெனவே அறிந்தவர்களிடமிருந்து தொடங்குங்கள். ஊருக்குப் போகும்போது நாயைப் பார்த்துக்கொண்டவர், தினமும் காலையில் எதிர்ப்படும் வாக்கிங் ஆசாமி, அண்மையில் வயதான நாயை இழந்த வீடு. இந்தக் கடைசி வகையினரை உங்கள் மருத்துவரால்தான் சொல்ல முடியும், கேளுங்கள். காப்பகத்தில் விடுவதை முதல் யோசனையாக வைக்காதீர்கள். அங்கே இருப்பவை பெரும்பாலும் அடிபட்ட, நோயுற்ற தெரு நாய்கள். சோபாவில் தூங்கிப் பழகிய நாய் அந்தக் கூட்டத்திலும் இரைச்சலிலும் சாப்பிடாமல் கிடந்து, டிஸ்டெம்பர் போன்ற தொற்றுக்கு எளிதில் ஆளாகும். ஆனால் காப்பகங்களின் தத்தெடுப்புப் பக்கத்தில் உங்கள் நாயின் படத்தைப் போடச் சொல்லிக் கேட்கலாம். நாய் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும்.

விளம்பரத்தில் நாய் நிற்கும் படம் ஒன்று, பக்கத்தில் ஆள் இருக்கும் படம் ஒன்று (உயரம் தெரியும்). வயது, எடை, கருத்தடை, ஊசி, குழந்தைகளோடும் பூனைகளோடும் எப்படி இருக்கும், எது பிடிக்காது. "இலவசம்" என்ற சொல் வேண்டாம். சிறு தொகை ஒன்று கேளுங்கள். அந்தப் பணத்தை நீங்கள் ஏதாவது காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம்; கேட்பதன் நோக்கம், வாங்கி விற்கிறவர்களை வடிகட்டுவது.

போனில் கேட்க வேண்டியவை: சொந்த வீடா, வாடகையா? வாடகை என்றால் வீட்டுக்காரரிடம் கேட்டாகிவிட்டதா? பகலில் வீட்டில் யார்? இதற்கு முன் நாய் வளர்த்தீர்களா, அது என்ன ஆயிற்று? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலை நிதானமாகக் கேளுங்கள். "ஓடிப்போச்சு" என்று ஒரு முறை சொன்னால் விபத்து. மூன்று நாய்களும் ஓடிப்போயிருந்தால் கேட் மூடுவதில்லை என்று பொருள்.

பிறகு வீட்டுக்கு நேரில் போய்ப் பாருங்கள். கேட்டுக்கு அடியில் எவ்வளவு இடைவெளி, பால்கனிக் கம்பிகளுக்கு நடுவே தலை நுழையுமா, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர் இடுப்பளவாவது இருக்கிறதா, தரைத்தொட்டிக்கு மூடி உண்டா, எலி மருந்து வைக்கிறார்களா. நாய் எங்கே படுக்கும் என்று கேட்டு, அந்த இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். மழையும் மதிய வெயிலும் நேராக விழும் சிட்-அவுட்டைக் காட்டினால் அடுத்த ஆளைப் பாருங்கள்.

பிடித்துப்போனால் ஒரு வாரம் வெள்ளோட்டம். இதற்காகவே கிளம்பும் தேதிக்குக் குறைந்தது மூன்று வாரம் முன்பு கொடுத்துவிட வேண்டும். சரிவராவிட்டால் திரும்பி வர உங்கள் வீடு இருக்கும். பெட்டி கட்டிய பிறகு கொடுத்தால் அந்த நாய்க்குப் போக்கிடம் கிடையாது. கடைசி வாரத்தில் அவசரமாகக் கைமாறும் நாய்கள்தான் இரண்டாவது, மூன்றாவது வீடு என்று அலைகின்றன.

ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: யார், யாருக்கு, என்று, வைத்துக்கொள்ள முடியாமல் போனால் முதலில் உங்களுக்கோ நீங்கள் குறிப்பிடும் உறவினருக்கோ சொல்ல வேண்டும், வேறு யாருக்கும் கைமாற்றக் கூடாது. இருவரும் கையெழுத்திட்டு, அடையாள அட்டை நகலை மாற்றிக்கொள்ளுங்கள். சிப் பதிவில் பெயரையும் எண்ணையும் மாற்றியாக வேண்டும். சென்னை போல உரிமம் கேட்கும் மாநகராட்சியாக இருந்தால் புதியவர் தன் பெயரில் உரிமம் எடுக்க வேண்டும்.

தீபாவளிக்கு முந்தின பத்து நாளில் மட்டும் கொடுக்கவே கொடுக்காதீர்கள். பழகாத வீடு, பழகாத மனிதர்கள், அதோடு சரவெடி. கேட் திறக்கிற அந்த நொடியில் நாய் தெருமுனையில் இருக்கும்.

பெரியப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. "இங்கே விட்டுவிடு, காவலுக்கு ஆச்சு, ஓடியாடி சந்தோஷமா இருக்கும்" என்கிறார். கோல்டன் ரெட்ரீவர். விடலாமா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பெரியப்பா நல்ல மனசோடுதான் சொல்கிறார். ஆனாலும் தோப்பு என்றதும் நம் கண்ணில் வருவது ஓடியாடும் நாய். நடப்பதோ பெரும்பாலும் மோட்டார் ரூம் பக்கத்தில் சங்கிலி. ரெட்ரீவர் காவலுக்கும் ஆகாது, வருகிறவரை நக்கிக்கொடுக்கும். நீள முடி உள்ள நாய்க்குத் தோப்புப் புல்லில் உண்ணி ஏறும். உண்ணி வழியாக வரும் ரத்தக் காய்ச்சலில் தட்டணுக்கள் குறைந்து, மூக்கிலிருந்து ரத்தம் வரும் வரை பலருக்குத் தெரிவதே இல்லை. பாம்பு, பன்றிக்கு வைத்த விஷம், தெளித்த பூச்சிமருந்து தேங்கிய வாய்க்கால் ஆகியவையும் உண்டு. தோப்பிலேயே பிறந்து வளர்ந்த நாய் இவற்றோடு பழகியிருக்கும். ஏசி அறையில் வளர்ந்தது பழகாது.

தோப்புக்குள்ளேயே பெரியப்பா குடும்பம் குடியிருந்து, இரவில் நாய் வீட்டுக்குள் படுக்கும் என்றால் கதையே வேறு. அப்போது மாதாமாதம் உண்ணி மருந்துக்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொண்டு விடுங்கள்.

எங்கள் நாய் போன மாதம் பக்கத்து வீட்டுப் பையனைக் கடித்துவிட்டது. சின்னக் காயம்தான். இதைச் சொன்னால் யாரும் எடுக்க மாட்டார்கள். சொல்லாமல் கொடுக்கலாமா?
– வாசகர், வேலூர்

கூடாது. இன்னொரு வீட்டுக் குழந்தையின் முகம் அது.

கடித்தது எப்போது, நாய் அப்போது என்ன செய்துகொண்டிருந்தது, எச்சரித்ததா, கடித்துவிட்டு விட்டதா, விடாமல் உலுக்கியதா, தோல் கிழிந்ததா என்று எழுதிக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள். காது சீழ், பல்வலி, இடுப்பு மூட்டு வலி உள்ள நாய் தொட்டதும் கடிக்கும். வலி போனால் கடியும் போகலாம். சாப்பிடும்போது தட்டில் கை வைத்ததால் கடித்தது என்றால், குழந்தைகள் இல்லாத, நாய் வளர்த்துப் பழகிய வீட்டில் சமாளிக்கக்கூடியதுதான். காரணமே இல்லாமல், எச்சரிக்காமல், மறுபடி மறுபடி கடிக்கிறது என்றால் அதைக் கைமாற்றுவது ஆபத்தையும் சேர்த்துக் கைமாற்றுவதுதான். பயிற்சியாளரையும் மருத்துவரையும் ஒருசேர வைத்துப் பேசுங்கள்.

இனிமேல் எப்போதாவது கடித்தால், நாயைப் பத்து நாள் வீட்டை விட்டு மாற்றக் கூடாது. வெறிநோய் இருக்கிறதா என்று தெரிய அந்தக் கண்காணிப்பு வேண்டும். கடிபட்டவர் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். "எங்க நாய்க்கு ஊசி போட்டிருக்கு" என்பதை நம்பி யாரும் வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது.

நாயைக் கூடை வடிவ வாய்க்கவசத்துக்குப் பழக்கிவிட்டுக் கொடுங்கள். உள்ளே பிஸ்கட் துண்டு வைத்து, தானாக மூக்கை நுழைக்கும்வரை தினம் ஐந்து நிமிடம். இரண்டு மூன்று வாரத்தில் பழகிவிடும். அதைப் போட்டுக்கொண்டு வாய் திறந்து மூச்சு வாங்கவும் தண்ணீர் குடிக்கவும் முடிய வேண்டும். வாயை இறுக்கிக் கட்டும் துணிவகையை நம் வெயிலில் நடக்கும்போது போடாதீர்கள்.

நண்பர் வெளிநாடு போனதால் அவருடைய ஐந்து வயது பீகிளை எடுத்துக்கொண்டோம். நாலு நாளாகிறது. சரியாகச் சாப்பிடவில்லை, கேட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. என்ன செய்ய?
– வாசகி, திருநெல்வேலி

தண்ணீர் குடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். நல்ல உடல்நிலையில் உள்ள வளர்ந்த நாய் இடம் மாறினால் ஓரிரு நாள் தட்டைத் தொடாமல் இருப்பது உண்டு. நாலாம் நாளும் கொஞ்சமாவது கொறிக்கிறது என்றால் பொறுக்கலாம். தண்ணீரே குடிக்காமல் ஒரு நாள் ஓடினாலோ, வாந்தி, பேதி, காய்ச்சல் இருந்தாலோ, அடியோடு எதுவுமே சாப்பிடவில்லை என்றாலோ இன்றே மருத்துவரிடம் போங்கள்.

நண்பரைக் கேட்டு, அங்கே என்ன சாப்பிட்டதோ அதையே, அதே கிண்ணத்தில், அதே நேரத்தில் வையுங்கள். மோர் சாதத்தில் வளர்ந்த நாய்க்கு விலை உயர்ந்த பாக்கெட் தீனியை முதல் நாளே கொட்டுவதால்தான் பாதிப் பேர் வீட்டில் பேதி. மாற்ற வேண்டுமானால் இரண்டாவது வாரத்தில் தொடங்குங்கள்: கால் பங்கு புதிது கலந்து ஆரம்பித்து, பத்து நாளில் முழுதாக. வைத்த உணவை இருபது நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து கெஞ்ச வேண்டாம். சாப்பிடாமல் இருந்தால் கவனிப்பு கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்ளும்.

நண்பரின் துவைக்காத பழைய சட்டை கிடைத்தால் படுக்கையில் போடுங்கள். அது எந்த மொழியில், எந்தச் சொல்லில் கட்டளை கேட்டது என்றும் விசாரியுங்கள். "சிட்" என்றால் உட்காரும் நாய் "உக்காரு" என்றால் உங்களையே பார்த்துக்கொண்டு நிற்கும். பிடிவாதம் என்று நினைத்துவிடுவோம்.

கேட்டையே பார்க்கிறது என்றீர்கள். அதுதான் எனக்குக் கவலை. முதல் மூன்று வாரம் கேட்டுக்கு எப்போதும் தாழ்ப்பாள். வெளியே போகும்போது உடலைச் சுற்றும் ஹார்னஸில் ஒரு கயிறு, கழுத்துப் பட்டையில் இன்னொரு கயிறு. பயந்த நாய் பின்னால் இழுத்துத் தலையை உருவிக்கொண்டு ஓடுவது நொடி வேலை. பட்டையில் இன்றைக்கே உங்கள் போன் எண்ணை எழுதுங்கள். பழைய எண் இருந்தால் வெளிநாட்டில் இருப்பவருக்கு மணி அடிக்கும். பீகிளுக்கு மூக்குதான் எஜமான், ஒரு வாசனை கிடைத்தால் காது கேட்காது. சிப் இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். அது இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி அல்ல. யாராவது பிடித்து ஸ்கேன் செய்தால்தான் பயன்.

மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரம் பழக்கம், மூன்று மாதம் சொந்தம் என்று நாய் வளர்ப்பவர்கள் ஒரு கணக்கு சொல்வார்கள். தோராயம்தான். விருந்தினர், குளியல், புதிய பயிற்சி எல்லாம் முதல் வாரத்தில் வேண்டாம்.

ஐந்து வருடமாகத் தெருநாய் ஒன்றுக்குச் சாப்பாடு போடுகிறோம். கோவைக்கு மாறுகிறோம். அதையும் எங்காவது சேர்த்துவிட வேண்டுமா?
– வாசகர், நங்கநல்லூர், சென்னை

வேண்டாம், அது அந்தத் தெருவின் நாய். வேறு இடத்தில் இறக்கிவிட்டால் அங்கேயிருக்கும் நாய்கள் விரட்டும்; பழைய தெருவைத் தேடி வண்டிகளுக்கு நடுவே நடக்கும். கருத்தடை செய்த நாயை எடுத்த இடத்திலேயே விட வேண்டும் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதி சொல்வது. கருத்தடையும் வெறிநோய் ஊசியும் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஆகவில்லை என்றால் போவதற்குள் முடித்துவிடுங்கள். தெருவில் ஒருவரை, முடிந்தால் இரண்டு பேரை, ஒரு மாதம் உங்களோடு சேர்ந்து அதே நேரத்துக்குச் சோறு வைக்கச் சொல்லுங்கள். மெல்ல நீங்கள் விலகுங்கள். அடுத்த ஊசி எப்போது என்று அவர் கையில் எழுதிக்கொடுங்கள்.

அப்பா அம்மாவை எங்கள் அபார்ட்மென்டுக்கு அழைத்து வருகிறேன். அவர்களிடம் 12 வயது பொமரேனியன். இதய மாத்திரை ஓடுகிறது. அசோசியேஷன் நாய் கூடாது என்கிறது. கருணைக்கொலை செய்துவிடலாம் என்கிறார் மாமா.
– வாசகர், கோவை

மாத்திரையோடு சாப்பிட்டு, நடந்து, வாலாட்டிக்கொண்டிருக்கும் நாய்க்குக் கருணைக்கொலை கிடையாது. நல்ல மருத்துவர் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்.

12 வயதில் இதய நோயோடு புது வீடு கிடைப்பது அரிது. நீங்களே வைத்துக்கொள்வதுதான் சரி, அதற்கு வழியும் இருக்கிறது. குடியிருப்போர் சங்கங்கள் செல்லப்பிராணிகளை ஒட்டுமொத்தமாகத் தடை செய்ய முடியாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. லிப்ட்டில் வரக் கூடாது என்றும் சொல்ல முடியாது. நீங்கள் அங்கே வாடகைக்கு இருந்தால், வீட்டுக்காரர் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்பது தனி விஷயம். அவரிடம் பேசித்தான் ஆக வேண்டும். சங்கத்திடம் சண்டையாகத் தொடங்காமல், ஊசிப் புத்தக நகல், கழிவை நாங்களே அள்ளுவோம் என்ற ஒரு வரி, வாரியத்தின் வழிகாட்டுதல் நகல் மூன்றையும் சேர்த்துக் கடிதமாகக் கொடுங்கள். பொமரேனியனுக்கு வழுக்கும் டைல்ஸ் தரையில் கால் விரியும். நடக்கும் பாதையில் ரப்பர் விரிப்புப் போடுங்கள். கழுத்துப் பட்டையில் கயிறு மாட்டாமல் ஹார்னஸில் மாட்டுங்கள். இந்தச் சிறு இனங்களுக்கு மூச்சுக்குழல் தளர்ந்திருப்பது சகஜம், இழுத்தால் இருமும்.

இரவில் எங்காவது மீன் மார்க்கெட் பக்கம் இறக்கிவிட்டால் அது பிழைத்துக்கொள்ளாதா?
– பெயர் வேண்டாம் என்ற வாசகர்

பிழைக்காது. பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி விலங்கைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கு அபராதம் பத்து முதல் ஐம்பது ரூபாய்தான் என்பது சட்டத்தின் வெட்கக்கேடு. அந்தத் தொகையைப் பார்த்துத் துணிய வேண்டாம். கேட்டதே நல்லது. மேலே மதுரை வாசகருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

காரைக்குடியிலிருந்து சென்னையில் உள்ள புது வீட்டுக்கு நாயை ரயிலில் கொண்டுபோகலாமா?
– வாசகி, காரைக்குடி

முதல் வகுப்பு ஏசியில் கூபே (இருவர் அறை) அல்லது கேபின் (நால்வர் அறை) முழுவதும் உங்கள் பெயரில் இருந்தால் கூட வைத்துக்கொள்ளலாம். கூபே கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். இரண்டடுக்கு, மூன்றடுக்கு ஏசி, ஸ்லீப்பர் பெட்டிகளில் அனுமதி இல்லை. மற்றபடி கார்டு பெட்டியில் உள்ள நாய்க்கூண்டுதான். பார்சல் அலுவலகத்தில் ஊசிப் புத்தகம், மருத்துவரின் உடல்தகுதிச் சான்று, உங்கள் டிக்கெட் ஆகியவற்றைக் காட்டிப் பதிவு செய்ய வேண்டும். ரயில் கிளம்புவதற்கு நன்றாக முன்பே போய்விடுங்கள். கூண்டு இரும்பு, இரைச்சல் அதிகம், தண்ணீர் நீங்கள்தான் நிறுத்தங்களில் இறங்கி ஓடிப்போய்க் கொடுக்க வேண்டும். சித்திரை வைகாசியில் இந்தக் கூண்டு வேண்டவே வேண்டாம். இவ்வளவு தூரத்துக்கு வாடகைக் கார் மேல்: அதிகாலை நாலு மணிக்குக் கிளம்புங்கள், கடைசிச் சாப்பாடு முந்தின இரவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நிறுத்துங்கள், கயிற்றைப் பிடித்த பிறகே கதவைத் திறங்கள்.

எட்டு வயது மகளிடம் "நாய் ஊருக்குப் போயிருக்கு, வந்துடும்" என்று சொல்லி வைக்கலாமா?
– வாசகி, புதுச்சேரி

சொல்லாதீர்கள், தினமும் எப்போது வரும் என்று கேட்பாள். யார் வீட்டுக்குப் போகிறது, ஏன் என்று முன்கூட்டியே சொல்லி, புதியவர்களுக்குக் கொடுக்கும் குறிப்புத்தாளை அவளையே எழுதச் சொல்லுங்கள். காதுக்குப் பின்னால் சொறிந்தால் பிடிக்கும், குக்கர் விசிலுக்குக் கட்டிலுக்கு அடியில் ஓடும், வெளியே போக வேண்டுமென்றால் கதவருகே இரண்டு முறை சுற்றும் போன்ற விஷயங்கள் உங்களைவிட அவளுக்குத்தான் தெரிந்திருக்கும். புது வீட்டுக்காரரிடமிருந்து படம் வந்தால் காட்டுங்கள். நேரில் போய்ப் பார்ப்பதை மட்டும் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போடுங்கள். அதற்கு முன்னால் போனால், நீங்கள் கிளம்பும்போது நாய் மறுபடியும் கேட்டருகே போய் உட்கார்ந்துவிடும்.